அறுபத்துமூன்றுக்கு ஐம்பது

அக்கா,

இன்று காலை தவுவா கடையில் குழாய்ப் பசை டப்பா ஒன்றைத் திறந்து வைத்திருந்தார்கள். அந்தக் காட்டமான வாடை மூக்கில் ஏறியதும் நான் வாங்க வந்ததே மறந்துபோயிற்று. பக்கத்துத் தட்டில் ரெடியூசர்கள் கிடந்தன. ஒரு வாய் பெரிது, மறு வாய் சிறிது. ஒன்றைக் கையில் எடுத்தேன். என்ன அளவு வேண்டும் என்று கடைக்காரப் பெண் கேட்டாள். அதைத் தட்டிலேயே வைத்துவிட்டு வெளியே வந்து, பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். தலை நரைத்தவன் பட்டப்பகலில் அழுகிறான் என்று ஜனங்கள் பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும்.

சிட்னியில் நீங்கள் கண்ணை மூடி மூன்று வாரம் ஆகிறது. உங்களிடம் சொல்ல வேண்டியதை உயிரோடு இருக்கும்போது சொல்லாத பாவி, இப்போது எழுதுகிறேன்.

நான் கோவில்பட்டியிலிருந்து இந்தத் தீவின் வட்டுகோலா தங்கச் சுரங்கத்துக்கு பம்ப் பார்க்கும் என்ஜினியராக வந்த புதிது. பஸ்ஸில் நான் எனக்குள் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு, "தம்பி நம்ம ஜனமா?" என்றீர்கள். அன்றே உங்கள் வீட்டில் சோறு. ஓடையை ஒட்டிய குத்தகை நிலம், மேட்டில் மிளகாய், அதற்கப்பால் நீங்கள் பைகன் என்று சொல்லும் கத்திரி. தவுவாவில் தையல் கடை வைத்திருந்த உங்கள் கணவரை நான் அத்தான் என்றே கூப்பிட்டேன். அவருக்குத் தமிழ் ஓடாது, ஹிந்திதான். என்னை 'இன்ஜினியர் சாஹப்' என்பார். எனக்கும் அது தித்தித்தது, மறைப்பானேன்.

பிறகு அந்த மே மாதம். தலைநகர் சுவாவில், இந்திய வம்சாவளிப் பிரதமர் ஆளக் கூடாது என்று துப்பாக்கியோடு பாராளுமன்றத்துக்குள் புகுந்தார்கள். நம் ரோட்டில் வாரத்துக்கு ஒரு வீடு காலியானது. அத்தானின் தம்பி சிட்னியிலிருந்து குடியேற்றக் காகிதங்களை அனுப்பிவிட்டார். மழையும் அந்த வருஷம் சீக்கிரமே நின்றுபோனது. அத்தான் ஒரே பேச்சாகச் சொன்னார்: இந்த வெயில் காலத்தைத் தோட்டம் தாண்டினால் இருப்போம், "நை தோ ஹம் லோக் சலா ஜாயேகா." இல்லையென்றால் போய்விடுவோம்.

நீங்கள் என்னிடம் வந்தீர்கள். "நான் எங்கயும் வரல தம்பி. இங்கதான் பொறந்தேன். நீ சுரங்கத்துல பாதாளத்துலேந்து தண்ணி எடுக்கறவன், இந்த ஓடையிலேந்து ஏத்திக் குடுக்க மாட்டியா?"

மாட்டேன் என்பேனா? ஆக்லாந்துக்குப் போன பக்கத்து வீட்டார் விட்டுச் சென்ற பம்ப் ஒன்று இருந்தது. அதன் குழாய் பெரிது. உங்கள் நிலத்தில் ஏற்கெனவே புதைந்திருந்தது சிறிது. இரண்டையும் இணைக்க ஒரே ஒரு ரெடியூசர் போதும். அதை பம்ப் பக்கத்திலேயே வைத்தால் தண்ணீர் ஏறும்போதே மூச்சு முட்டும், மேடு வரை பெரிய குழாயாகவே போய் அங்கே சிறிதாக்க வேண்டும் என்று விளக்கினேன். "மலை ஏறி முடிச்சப்புறம் ஒடுங்கட்டும்ங்கற" என்றீர்கள். சட்டென்று பிடித்துக்கொள்வீர்கள் எதையும்.

அளவெடுத்தோம். குழாய் வாயின் குறுக்கே நாடாவின் ஒரு முனையை நீங்கள் பிடித்தீர்கள். வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்குப் பெரியது அறுபது மில்லிமீட்டர், சிறியது நாற்பத்தெட்டு. எங்கள் கோவில்பட்டிக் கடைகளில் அப்படி அளவே கிடையாது. அறுபத்துமூன்று, ஐம்பது என்றுதான் கேட்டு வாங்குவோம். நாடா கோணலாக இருக்கிறது என்று நானே முடிவுகட்டினேன். "அறுபதுதானே தம்பி காட்டுது?" என்று கேட்டீர்கள். "அப்படி ஒரு பைப்பே கெடையாது அக்கா" என்று சிரித்தேன். சீட்டில் அறுபத்துமூன்றுக்கு ஐம்பது என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அந்த மண்டைக்கனத்தை என்னவென்று சொல்ல.

தவுவாவில் சரக்கு இல்லை. லவுடோகாவில் ஒரு கடை பாதிக் கதவு திறந்து விற்பதாகக் கேள்விப்பட்டு நீங்களே கிளம்பினீர்கள். வழியில் இரண்டு இடத்தில் பஸ்ஸை நிறுத்திப் பையைக் கொட்டிச் சோதித்தார்களாம். போய்த் திரும்ப ஒரு முழு நாள். அந்த ஒரு துண்டு பிளாஸ்டிக்கைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினீர்கள்.

மறுநாள் குழாய் முனையை அரம் போட்டு, துடைத்து, பசை தடவும் முன் சும்மா செருகிப் பார்த்தேன். கொடகொடவென்று ஆடியது. இரண்டு பக்கமும் ஒரு விரல் நுழையும் இடைவெளி. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அக்கா. இந்த நாட்டில் குழாயை உள்வாய் அளவால் பெயரிடுகிறார்கள். கோவில்பட்டியில் வெளிவிளிம்பு அளவால். இங்கே ஐம்பது என்று கேட்டால் வெளியே அறுபது உள்ளதைத் தருவார்கள். அறுபத்துமூன்று இல்லாததால் கடைக்காரர் அடுத்த பெரிய அளவைத் தந்திருக்கிறார். நாடா சொன்னது சரி, நீங்கள் சொன்னதும் சரி.

அத்தான் அங்கே நின்றிருந்தார். எழுதிக் கொடுத்ததைக்கூட ஒழுங்காக வாங்கத் தெரியாதா என்று உங்கள் மேல் பாய்ந்தார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ஒரு நொடிதான். பிறகு அவர் பக்கம் திரும்பி, அவசரத்தில் மாற்றி வாங்கிவிட்டேன் என்று ஹிந்தியில் சொன்னீர்கள். சீட்டு உங்கள் கைப்பையில் இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் என் கதை முடிந்திருக்கும். நான் வாயில் கொழுக்கட்டையை வைத்தவன் மாதிரி நின்றேன்.

சாயங்காலம் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளினேன். அதற்குள் லவுடோகா கடையும் மூடிவிட்டது. குழாயை நெருப்பில் வாட்டி வாயை விரித்துப் பார்த்தேன். அவ்வளவு விரியாமல் கிழிந்தது. சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பியால் முறுக்கினேன். பம்ப்பைப் போட்டதும் பீய்ச்சியடித்துக் கழன்றது. கடைசியில் வாளி. நான் வேலை முடிந்து வரும்போது நீங்கள் காலையிலிருந்து சுமந்துகொண்டே இருப்பீர்கள். நான்கு வரிசைக்கு ஊற்றி முடிப்பதற்குள் முதல் வரிசை காய்ந்திருக்கும். கத்திரி தலை தொங்கியது. மிளகாய் பூவை உதிர்த்தது. ஒரு நாள் நீங்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தீர்கள். "போதும் தம்பி" என்றீர்கள். அந்த வாரம் அத்தான் கையெழுத்துப் போட்டார்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில், நமாகாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு விமானம் ஏறினீர்கள். வழியனுப்ப வந்தேன். அத்தான் பெட்டிகளோடு வரிசையில் நின்றார், பத்தடி தூரம் இருக்கும். நீங்கள் கைப்பையைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினீர்கள்.

"இது எனக்கு அங்க எதுக்கு தம்பி. ஒழுங்கா சாப்புடு."

அவ்வளவுதான். ஒரு குத்தல் பேச்சு இல்லை. வைதிருந்தால்கூடத் தேவலை. அத்தானிடம் போய்ச் சொல்ல பத்தடி நடந்தால் போதும், நடக்கவில்லை. இந்த மண்ணில் பிறந்த உங்களை அனுப்பிவிட்டு, பிழைக்க வந்த நான் இருபது வருஷத்துக்கு மேல் இங்கேயே கிடக்கிறேன். உங்கள் நிலத்தில் இப்போது புல் மண்டிக் கிடக்கிறது. பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போது நான் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன்.

மூன்று வாரத்துக்கு முன் அத்தான் போனில் அழுதார். கடைசி நாட்களில் நீங்கள் ஓடையில் தண்ணீர் ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்களாம். பிறகு அவரே அழுகையினூடே சிரித்தார். கடையிலிருந்து நீங்கள் எதை மாற்றி வாங்கி வந்தாலும், 'அம்மா பைப் வாங்கி வந்துவிட்டாள்' என்று உங்கள் மகள்கள் கேலி செய்வார்களாம். இத்தனை வருஷமும் அது வீட்டு வேடிக்கையாம். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்களாம். "பாவம், அன்னிக்கு அவளை ரொம்ப ஏசிட்டேன்" என்று அவர் ஹிந்தியில் தேம்பினார். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை, அக்கா. நீங்கள் போன பிறகும் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அத்தானுக்கு அனுப்பினாலும் அவருக்கோ பிள்ளைகளுக்கோ ஒரு எழுத்தும் புரியாது. அது தெரிந்துதான் இவ்வளவையும் எழுதினேன், வேறெதற்கு? அவரிடம் சொல்ல மூன்று வார்த்தை ஹிந்தி போதும்: 'கல்தி ஹமார் ரஹா.' தப்பு என்னுடையது. தினமும் முகம் கழுவும்போது அதைச் சொல்லிப் பார்க்கிறேன். உச்சரிப்பு நன்றாகவே வருகிறது. அவர் நம்பரும் மனப்பாடம்.