புல் இருக்கிறது, மாடு எங்கே

பாய்,

இன்று காலை துணி துவைக்க எடுத்த என் மனைவி, சட்டைப் பையில் கையை விட்டு ஒரு பிடி கோரைக்கிழங்கை எடுத்துத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தாள். அதில் ஒன்று நசுங்கியிருந்தது. நாட்டு மருந்துக் கடையைத் திறந்தது போல ஒரு வாசனை கிளம்பியது. "பாய்க்கு இருந்த வியாதி உங்களுக்கும் வந்துடுச்சா?" என்று கேட்டாள். பதில் கல்லின் மேலேயே கிடந்தது.

கோரையைப் பிடுங்கினால் கிழங்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது உங்கள் வழக்கம். அதைத் தூக்கி எறிந்தால் விழுந்த இடத்தில் முளைக்கும். குப்பையில் போட்டால் குப்பை வண்டியேறிப் போய் இன்னொருவர் வீட்டில் முளைக்கும். "அடுப்புல போட்டாத்தாங்க அதுக்கு புத்தி வரும்" என்பீர்கள். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் உங்கள் செருப்புக் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போதுகூடப் பையில் நாலைந்து கிடக்கும். சில்லறை என்று நினைத்து ஒருவருக்கு எடுத்து நீட்டியதாகவும் கேள்வி.

தியாகதுருகம் சாலையில் நாம் பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டிய இந்த நகர் முன்பு மரவள்ளிக் கொல்லையாக இருந்தது. மனை வாங்கிய எல்லாரும் முதல் காரியமாக வாசல் முழுக்க சிமெண்ட் போட்டார்கள். தலைமுறை தலைமுறையாக மண்ணில் உழைத்த குடும்பங்களுக்கு, மண் கண்ணில் படாமல் இருப்பதுதான் முன்னேற்றம். நானும் போட்டேன். எலவனாசூர்கோட்டைப் பக்கம் எங்கள் நிலத்தில் என் அப்பா ஆயுள் முழுக்கக் கோரையோடு மல்லுக்கட்டியவர். திருக்கோவிலூர் தாலுகா ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தபோது, இனி குனிந்து எதையும் பிடுங்க வேண்டாம் என்பதுதான் பெரிய நிம்மதியாக இருந்தது. நகரிலேயே நிலம் நீச்சு இல்லாத வியாபாரக் குடும்பம் உங்களுடையது ஒன்றுதான். ஆகவே, வீட்டு வாசலில் புல் வளர்க்கலாம் என்ற யோசனை உங்களுக்கு மட்டும் வந்தது.

அதை ஆசை என்று சொல்ல முடியாது. பாயம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, இடது காலும் பேச்சும் பாதி திரும்பியிருந்த சமயம். தினமும் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். வீட்டுக்குள் வழவழவென்று டைல்ஸ், வாசலில் சிமெண்ட். ஒருநாள் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அதன் பிறகு நாற்காலியை விட்டு எழவே பயந்தார். நீங்கள் வாசல் சிமெண்டை உடைக்க ஆள் கூப்பிட்டீர்கள். சத்தம் கேட்டு நான் வந்து விசாரித்தபோது, "நடந்தா விழத்தான் செய்வா சார். விழறதே விழறா, மெத்துனு விழட்டும்" என்றீர்கள். ஊருக்கெல்லாம் செருப்பு விற்றவர், வீட்டில் ஒருவர் வெறுங்காலோடு நடப்பதற்காகத் தரையைத் தயார் செய்தார்.

லாரியில் செம்மண் வந்தது. ஆத்தூர்ப் பக்கத்து நர்சரிக்காரர் கொரியன் புல்லைக் கார்ப்பெட் போலச் சுருட்டிக்கொண்டுவந்து விரித்தார். "தண்ணி மட்டும் காட்டுங்க, அது பாட்டுக்கு வளரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எது வளரும் என்று அவர் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. கொரியன் புல் ஊரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், செம்மண்ணோடு ஒளிந்து வந்த கோரை குடியேறிவிட்டது.

அதற்கப்புறம் உங்கள் காலை நேரங்கள் எல்லாம் புல்லுக்குப் போயின. தண்ணீர் விட்டால் கோரை கிளம்பியது. விடாவிட்டால் புல் மஞ்சளடித்தது. அளவாக விட்டால் இரண்டும் நடந்தன. வட்டம் வட்டமாகப் புல் காய்ந்தபோது தோண்டிப் பார்த்தீர்கள். அடியில் வெள்ளைப் புழுக்கள் சாப்பிட்டுச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தன. அதற்கு வேப்பம்புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றினீர்கள். புழு போனதோ இல்லையோ, விருந்தாளிகள் வருவது நின்றது. ஆன்லைனில் வாங்கிய புல்வெட்டும் மெஷின் முதல் நாளே தன் ஒயரைத் தானே வெட்டிக்கொண்டது. பிறகு கடையில் தோல் வெட்டுகிற கத்தரியோடு நீங்கள் குந்தியபடியே வாசலைச் சுற்றி வந்தீர்கள்.

உரக்கடைக்காரர் கோரைக்கென்றே மருந்து இருப்பதாகச் சொன்னார். அடித்தால் கோரை மட்டும் கருகுமாம். "அவ வெறுங்கால வெக்கிற எடம்ங்க. மருந்து வாணாம்" என்றீர்கள். விஷயம் அத்தோடு முடிந்தது. கையால்தான் பிடுங்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

உங்கள் வாசலைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பால்காரர், மின்கணக்கு எடுக்க வந்தவர், கல்வராயன் மலையிலிருந்து தேன் கொண்டுவருகிறவர், ஆட்டுக்காரர் என்று ஒருவர் பாக்கியில்லை. "புல்லு நல்லா கீதே பாய். மாடு எங்க கட்டிகீறீங்க?" மாடு இல்லை என்று ஆரம்பத்தில் உண்மையைச் சொன்னீர்கள். உண்மை யாருக்கும் திருப்தி தரவில்லை. மாடு இல்லாமல் எதற்குப் புல் என்று நின்று பேசினார்கள். ஆட்டுக்காரர், "சும்மா வீணாத்தான போவுது, தொறந்து வுடுங்க, அரை மணி மேஞ்சிட்டுப் போவட்டும்" என்று உதவி செய்யவும் முன்வந்தார். கடைசியில் நீங்கள் ஒரு பதிலைப் பிடித்தீர்கள். "மாடு வெளியூர் போயிருக்குதுங்க. வந்துடும்." கேட்டவர்கள் நிம்மதியாகப் போனார்கள்.

களை எடுக்க ஆள் வைத்த கதையை இன்னும் இந்தத் தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மழை முடிந்து கோரை முழங்கால் உயரம் நின்ற சமயம் அது. தியாகதுருகம் பக்கத்திலிருந்து, பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் களையெடுக்கும் நான்கு பெண்களைக் கூப்பிட்டீர்கள். கோரையைக் காட்டிச் சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போனீர்கள். அவர்கள் கோரையை எடுத்தார்கள். கோரையை எடுத்துவிட்டுப் புல்லை விட்டுவைப்பது என்கிற காரியம் அவர்கள் கைக்குப் பழக்கமில்லை. அரைகுறையாகக் களையெடுத்தால் நிலத்துக்காரர் என்ன சொல்வார் என்று புல்லையும் எடுத்தார்கள். பாயம்மா நாற்காலியில் இருந்தபடியே கையை ஆட்டி ஆட்டித் தடுத்திருக்கிறார். இன்னும் சீக்கிரம் செய்யச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு இன்னும் சீக்கிரம் செய்தார்கள். நீங்கள் திரும்பி வந்தபோது பாதி வாசல் சிவப்பாக, சுத்தமாக இருந்தது. எங்கிருந்தோ முளைத்த ஒரு தக்காளிச் செடியை மட்டும் பொறுப்பாக விட்டுவைத்து, அதைச் சுற்றி மண்ணும் அணைத்திருந்தார்கள்.

"இன்னாங்க பாய், எப்டி ஆக்கிட்டோம் பாருங்க. இனிமே மல்லாட்ட வெதைக்கலாம்" என்றார் மூத்தவர், வேர்க்கடலைக் கொல்லையே தயாரானது போல.

நீங்கள் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டீர்கள். பேசியதற்கு மேலேயே கூலி கொடுத்து, டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினீர்கள். கேட் சாத்தியதும் பாயம்மா சிரிக்க ஆரம்பித்தார். வாய் ஒரு பக்கம்தான் திறந்தது. அந்த ஒரு பக்கத்தால், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் சிரித்துக் கேட்டது அன்றுதான். நீங்கள் என்னிடம், "போனா போவுது சார். புல்லு திரும்ப வெச்சிக்கலாம்" என்றீர்கள். திரும்ப வைத்தீர்கள். தக்காளியும் காய்த்தது.

மதில் ஓரம் ஒரு சாண் அகலத்துக்கு அருகம்புல்லை மட்டும் நீங்கள் பிடுங்காமல் விட்டிருந்தீர்கள். தெருமுனைப் பிள்ளையாருக்குச் சதுர்த்தி அன்று அங்கிருந்துதான் போகும். பறிக்க வருகிற பெண்களிடம், "அந்தாண்ட எடுங்கம்மா, இந்தப் பக்கம் வெளிநாட்டு ஐட்டம், அவருக்கு ஒத்துக்காது" என்பீர்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் பாயம்மா நடந்தார். காலையில் தொழுதுவிட்டு வந்து, நீங்கள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னோக்கி நடப்பீர்கள். அவர் உங்களைப் பார்த்துக்கொண்டு முன்னோக்கி வருவார். புல்லில் அவர் முதல் தடவை விழுந்த அன்று நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் தூக்கிவிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தானாக எழும் வரைக்கும் கோரை பிடுங்கிக்கொண்டிருந்தீர்கள். "அடி பட்டுச்சா?" என்றுகூடக் கேட்கவில்லை. பிறகு எத்தனையோ முறை விழுந்தார். எந்த எலும்பும் உடையவில்லை. ஒரு கோலோடு தனியாக மதில் வரை போய்த் திரும்புகிற அளவுக்கு வந்தார்.

பனி முடிகிற நேரத்தில் நீங்கள் கடையிலேயே போய்விட்டீர்கள். யாரோ ஒருவர் காலுக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தீர்களாம். ஒற்றைச் செருப்பு கையில் இருந்ததாம். வந்தவர்களுக்கு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். நாற்காலிக் கால் பதிந்த இடமெல்லாம் புல் மஞ்சளானது. அன்று அதைக் கவனித்தவன் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

பாயம்மா இத்தா இருந்தார். கணவர் இறந்தபின் நான்கு மாதத்துக்கு மேல் வீட்டை விட்டு வெளியே வராமல், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் காலம் அது. அவர் வாசலுக்கு வரவில்லை. எனவே புல்லில் யாரும் நடக்கவில்லை. வெயில் ஏறியது, போர்வெல்லில் தண்ணீர் இறங்கியது. சென்னை வேலையை விட்டுவிட்டுக் கடையைப் பார்க்க வந்த உங்கள் மகன், சிமெண்ட் கல் பதிக்க ஏற்பாடு செய்தார். ஒரு வண்டிக் கல் வந்து மதிலோரம் இறங்கியது. இறக்கியது அருகம்புல்லின் மேல்.

"அத்தா இருந்தாரு, பாத்துக்கினு இருந்தாரு. இப்ப யார் சார் பாக்கறது? எனக்குக் கடையே சரியா இருக்குது" என்றார். கேட்டதில் தவறே இல்லை.

"அம்மா எங்க நடப்பாங்க?"

"கல்லு மேல நடக்கட்டும். ரப்பர் செருப்பு நம்ம கடையிலயே கீது."

"இத்தா முடியட்டும் தம்பி. அவங்க ஒரு தடவ நடந்து பாக்கட்டும். அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

நான் உங்கள் வாசலில் இறங்கினால் உங்கள் வீட்டு முன் ஜன்னல் திரை மூடிக்கொள்ளும். வேலை முடித்துப் போகும்போது கேட் தாழ்ப்பாளைக் கொஞ்சம் சத்தமாகப் போடுவேன், திரை திறக்கும். அவர் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மத்தியானம் அவரைப் பார்க்கப் போன என் மனைவி வந்து சொன்னாள்: "பைப்பாண்ட கோரை ஜாஸ்தியா இருக்குதாம். நீங்க அந்தப் பக்கமே போறதில்லயாம்." நாலு வார்த்தை சேர்த்துப் பேசச் சிரமப்படுகிறவர் இதைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்றோ. மறுநாள் நேராகப் பைப்பிடம் போனேன். உண்மையாகத்தான் இருந்தது.

போர் தண்ணீர் குடிக்கவே போதாமல் போன நாட்களில், எங்கள் வீட்டுத் துணி அலசிய தண்ணீரைக் குடத்தில் தூக்கிவந்து ஊற்றினேன். கல்வராயன் மலைப் பக்கம் மேகம் கட்டும். நகர் முழுக்க நிமிர்ந்து பார்க்கும். மேகம் வேறு யார் வீட்டுக்கோ போய்விடும். இத்தா முடிவதற்குக் கொஞ்சம் முன்புதான் ஒரு மழை பெய்தது. புல் பிழைத்துக்கொண்டது. கோரைக்கு மழை தேவைப்படவே இல்லை.

அவர் வெளியே வந்த காலையில் உங்கள் மகன் கையை நீட்டினார். பாயம்மா வேண்டாமென்று தலையசைத்துவிட்டுக் கோலை ஊன்றி இறங்கினார். நாலு மாதம் நடக்காத கால். புல்லின் நடுவுக்கு வந்ததும் இடது கால் மடங்கியது. அப்படியே உட்கார்ந்தது போல விழுந்தார். மகன் ஓடினார். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கோரையைப் பிடித்து, அசைத்து அசைத்துக் கிழங்கோடு உருவி, என் பக்கம் நீட்டினார். "இது?" என்றார். விட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் தானாக எழுந்திருக்கும் வரை உங்கள் மகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நீங்கள் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டீர்கள், ஊருக்கு வந்தபோது அவரே பார்த்திருப்பார்.

கல்லைத் திருப்பி எடுத்துப் போக நேற்று வண்டி வந்தது. டிரைவருக்கு ஊர் இது இல்லை. ஒவ்வொரு கல்லாக ஏற்றிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வாசலைச் சுற்றிலும் பார்த்தார்.

"புல்லு இம்மாம் கீதே. மாடு எங்கம்மா கட்டிகீறீங்க?"

நான் பைப்பு ஓரம் குந்தி, முதுகைக் காட்டிக்கொண்டிருந்தேன். நாற்காலியில் இருந்த பாயம்மா பதிலுக்கு நேரம் எடுத்துக்கொண்டார். கோலைத் தூக்கி என்னைக் காட்டியது நிழலில் தெரிந்தது.

"வெளியூர்… போயிருந்துச்சி" என்றார். "வந்துடுச்சி."

நான் திரும்பவில்லை, பாய். கையில் இருந்த கிழங்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்ததைப் பிடித்தேன்.