சப்போரோவில் எத்தனை ஹருதோக்கள்

அன்புள்ள சிசுரு,

நீயும் பையனும் நலமா? உன் அப்பாவின் முழங்கால் வலி தணிந்ததா? அங்கே பிளம் மரங்கள் பூத்திருக்கும். இங்கே கூரைப் பனியே இன்னும் இறங்கவில்லை.

நேற்று பல் மருத்துவரிடம் போனேன். பயப்படாதே, சின்னச் சொத்தைதான். வரவேற்பிலிருந்த பெண், "ஹருதோ, உள்ள வாப்பா" என்று கூப்பிட்டாள். மூன்று பையன்கள் எழுந்தார்கள். நானும் எழுந்துவிட்டேன்.

"ஐயா, நீங்க எந்த ஹருதோவோட அப்பா?"

"இங்க இல்லாத ஹருதோவோட அப்பாம்மா."

எல்லோரும் சிரித்தார்கள்.

தெருவுக்கு நாலு ஹருதோ இருப்பான் என்று பெயர் வைத்த அன்றே சொன்னேன். உன் அப்பா கேட்கவில்லை. அங்கே நம் வீட்டு மாடியிலிருந்து நான் கூப்பிட்டால் திடலில் பாதிப் பேர் நிமிர்வார்கள். பந்தை விட மனமில்லாத நம்மவன் மட்டும் நிமிரமாட்டான். அந்தப் பெயரை எழுத, பல விதமாக வாசிக்கத்தக்க கான்ஜி எழுத்துகளைத் தேர்ந்தவரும் உன் அப்பாதான். பள்ளியில் சேர்ந்த அன்று ஆசிரியர் 'ஹினாதோ' என்று வாசித்தார். அவர் மனம் சங்கடப்படக் கூடாதென்று அதற்கும் இவன் "இருக்கேன் சார்" என்றான். அந்த ஆசிரியரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வரப்போகும் அவனுடைய தொடக்கப்பள்ளி நிறைவு விழாவுக்கு வர இங்கே என் மேலாளர் விடுப்பு தரவில்லை. அவரையும் மறக்கமாட்டேன். பெயருக்கு மேல் உச்சரிப்பைச் சின்ன எழுத்தில் எழுதி இப்போதே பள்ளியில் கொடுத்துவிடு. மேடையில் பெயர் கூப்பிடும்போது கைபேசியில் பதிவு செய்து அனுப்பு. அவன் பதில் சொல்வதற்கு முன்னால் நிறுத்திவிடாதே. பெயர் இங்கே தினமும் காதில் விழுகிறது. பதில் சொல்வது மட்டும் வேறு யாரோ.

பனி அள்ளும் வண்டி வந்துவிட்டது, காரை நகர்த்த வேண்டும்.

உன்,
தெத்சுரோ