மாவு டப்பாவில் கிடந்த சாவி

அன்பு மகள் டெல்லாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். நீயும் மருமகன் கேலமும் நியூசிலாந்துக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருப்பதாக எழுதினால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். போனில் நீ கேட்கும்போதெல்லாம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொல்லிவந்தேன், பக்கத்தில் உன் அப்பா உட்கார்ந்திருக்கும்போது வேறு என்ன சொல்ல முடியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்த வருடம் அஸ்பாரகஸ் குருத்து அறுவடைக்கு ஆள் வரவில்லை மகளே. யூசெபியோவும் அவர் ஊர் ஆட்களும் ஏப்ரல் கடைசியிலேயே மெக்சிகோவில் தங்கள் ஊரை விட்டுப் புறப்பட்டு நம் நாட்டு எல்லைப் பக்கத்து ஊருக்கு வந்துவிட்டார்கள். எப்போதும் போல இரண்டொரு நாளில் தூதரகம் கூப்பிடும், விசா முத்திரை குத்தும், பஸ் ஏறலாம் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் அவர்களை வரவழைக்க இங்கே நாங்கள் போட்ட விண்ணப்பம் மேசை மாறி மேசை போய் எங்கேயோ உட்கார்ந்துவிட்டது. அப்பா தினமும் காலையில் போன் செய்வார், பாட்டு ஓடும், பிறகு ஒரு பெண் வந்து பரிசீலனையில் இருக்கிறது என்பாள். ஒருநாள் அப்பா அவளிடம், "தாயி, என் பயிரு ஒரு நாளைக்கு ஒரு சாண் வளருது, உங்க காகிதம் மட்டும் ஏம்மா வளர மாட்டேங்குது" என்று கேட்டார். அவளும் சிரித்துவிட்டு, "எங்கப்பாவும் விவசாயிதாங்கய்யா, என் கையில இருந்தா இன்னிக்கே அனுப்பிருவேன்" என்றாளாம். அவளைத் திட்டவும் மனம் வரவில்லை என்று போனை வைத்துவிட்டார். முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்றால் அதற்கும் விதி இடம் கொடுக்காது. இத்தனை நாளுக்கு முன்னால் போடக்கூடாது, இத்தனை நாளுக்குப் பின்னாலும் போடக்கூடாது. குருத்துக்கு அந்தக் கணக்கு தெரியுமா?

யூசெபியோ அங்கே விடுதியிலிருந்து என்னிடம் பேசுவார், அதே டோன்யா என்ற மரியாதையோடு. ஒரே அறையில் ஆறு பேர். "டோன்யா லோர்னா, இன்னிக்கும் எங்க பேரு வரல. செவுத்துல இருக்கற பல்லிக்கெல்லாம் பேரு வச்சாச்சு, அதுல ஒண்ணு பெரியவரு மாதிரியே முறைக்குது" என்பார், உன் அப்பாவைத்தான். நான் சிரிப்பேன், போனை வைத்த பிறகு அழுவேன்.

அவர்கள் வந்து இறங்கும் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா. வேன் சத்தம் கேட்டதும் நீ சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாய். யூசெபியோ உனக்காகச் சட்டைப்பையில் புளி மிட்டாய் வைத்திருப்பார், நீ முகத்தைச் சுளித்துச் சுளித்துத் தின்பாய். மறுநாள் விடிவதற்குள் தரையை ஒட்டி ஓடும் தாழ்வண்டியில் வரிசையாக உட்கார்ந்து வயலுக்குள் போவார்கள், குனிந்த தலை நிமிராமல் படக் படக் என்று குருத்தை ஒடிக்கிற சத்தம் நம் சமையலறை வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன். முதல் கூடையை விற்கக்கூடாது என்பது நம் வீட்டு வழக்கமல்லவா, அதை யூசெபியோ முட்டையும் மிளகாயும் போட்டு வதக்குவார், எல்லோரும் கொட்டகை வாசலில் நின்றுகொண்டே தின்போம். உன் அப்பாவுக்குக் காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வரும். "பெரியவரு எங்களப் பாத்த சந்தோஷத்துல அழுவுறாரு" என்று வருடாவருடம் அதே கிண்டல், வருடாவருடம் அதே சிரிப்பு. இந்த மே மாதம் நானே ஒரு பிடி ஒடித்து வந்து முட்டை போட்டு வதக்கினேன். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டுக் காரமே இல்லை என்று எழுந்து போய்விட்டார்.

உள்ளூரில் ஆள் கேட்டு விளம்பரம் போட்டோம். இரண்டு பேர் வந்தார்கள், மத்தியானத்துக்குள் இருவருக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது. தேவாலயத்துப் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை வந்து சின்ன வயலை ஒடித்துக் கொடுத்தார்கள், அவர்களுக்குப் புண்ணியம். கிழக்கு வயல்தான் என் கவலை. நீ கல்லூரிக்குப் போன வருடம் நீயும் யூசெபியோவும் முழங்கால் மண்ணில் புதைய உட்கார்ந்து வேர் நட்ட வயல். அங்கே குருத்துகள் ஒடிக்க ஆளில்லாமல் இடுப்பு உயரத்துக்குப் போய்விட்டன. அப்பா வெட்டு இயந்திரத்தை எடுத்துப் போய் எல்லாவற்றையும் தரையோடு வெட்டித் தள்ளினார். நாளை ஆள் வந்துவிடும், வந்ததும் ஒரே மட்டமாகப் புதுக்குருத்து இருக்க வேண்டும் என்றார். முதல் தடவை நானும் சரி என்றுதான் இருந்தேன். ஆனால் ஆள் வரவில்லை. மறுபடி வளர்ந்தது, மறுபடி வெட்டினார். அதற்குப் பிறகும் வெட்டினார். விட்டுவிட்டால் அது புதராக விரிந்து வெயில் குடித்து வேருக்குச் சோறு போடும் என்று நமக்கெல்லாம் பாடம் சொன்னவரே அவர்தான். வெட்ட வெட்ட வேர் பட்டினி கிடக்கிறது, இப்படியே போனால் அடுத்த வருடம் அந்த வயலில் ஒன்றும் முளைக்காது. சொன்னேன். "புதரா விட்டா இந்த வருசம் அவ்ளோதான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் லோர்னா. அவங்க வந்து பாத்தா என்ன நெனைப்பாங்க, நாம வருவோம்னு நம்பாம கைகழுவிட்டான்னுதானே" என்றார். அந்த மனுஷனுக்கு நஷ்டம் பெரிதில்லை, அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை என்று ஆகிவிடக்கூடாது.

ஜூன் பிறந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் குளிக்கப் போயிருந்தபோது இயந்திரத்தின் சாவியை எடுத்து மாவு டப்பாவுக்குள் புதைத்துவிட்டேன். நம் வீட்டில் இப்போது யார் மாவைத் தொடுகிறார்கள், இரண்டு பேருக்குக் கடை ரொட்டியே மிச்சம். சத்தம் போடுவார், கொட்டகையைத் தலைகீழாகப் புரட்டுவார் என்று பயந்துகொண்டே இருந்தேன். சாவியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் தனியாகக் கிழக்கு வயல் ஓரத்தில் போய் நிற்பார், வருவார், படுப்பார். ஆள் சோர்ந்தே போய்விட்டார், சாவி தேடக்கூட மனமில்லை என்று நினைத்து எனக்குள் உறுத்தல்.

போன வியாழக்கிழமை அவர்கள் வந்துவிட்டார்கள். அறுவடை முடிந்த பிறகு அனுமதி வந்தது. இனி வெள்ளரிக்கும் ஆப்பிளுக்கும்தான். யூசெபியோ இன்னும் நரைத்திருக்கிறார், எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு நேராகக் கிழக்கு வயலுக்குப் போனார், அப்பா பின்னாலேயே போனார், பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பையன் மாதிரி. மார்பு உயரத்துக்குப் புதர், வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெலிவு, ஆனாலும் பச்சை. யூசெபியோ ஒரு கொத்தை இழுத்துப் பார்த்துவிட்டு, "பொழச்சுக்கும். நீங்க வெட்டிக்கிட்டே இருந்துருவீங்களோன்னு அங்க ராவெல்லாம் தூக்கமில்ல பெரியவரே, உங்க பிடிவாதம் எனக்குத் தெரியாதா" என்றார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாவி தொலஞ்சுபோச்சுப்பா" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, உள்ளே வந்துவிட்டேன். எல்லோருக்கும் ரொட்டி சுடலாம் என்று எத்தனையோ நாளுக்குப் பிறகு மாவு டப்பாவைத் திறந்து கைவிட்டேன். சாவி நான் வைத்த இடத்திலேயேதான் இருந்தது. ஆனால் அது கடை ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரப்பர் போட்டுக் கட்டியிருந்தது. மாவில் கிரீஸ் படக்கூடாது என்று அப்பா சுற்றியிருக்கிறார் மகளே. எப்போது கண்டுபிடித்தார், எத்தனை நாள் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார், எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. பையோடு திரும்ப மாவுக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

குளிரில் வெறுங்காலோடு நடக்காதே, நின்றுகொண்டே சாப்பிடாதே. கேலமிடம் எங்கள் அன்பைச் சொல். அடுத்த மே மாதம் முதல் கூடைக்கு நீங்கள் இரண்டு பேரும் இங்கே இருக்க வேண்டும், புளி மிட்டாய் இப்போதே வந்து சேர்ந்துவிட்டது, அலமாரியில் இருக்கிறது. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. இதில் சாவி விஷயத்தை மட்டும் அப்பாவிடம் போனில் கேட்டுவிடாதே.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா லோர்னா