என் அறைக்குள்ளால் போகும் கோடு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கட முழங்கால் நோ குறைஞ்சுதோ? போனில் சொன்னால் அம்மா பதறுவா எண்டுதான் எழுதுறன்.

ஓர்ஸ் ஹில்லில் நான் வாடகைக்கு இருக்கிற ஒழுங்கையை அகலமாக்க எங்கட நகரசபை தீர்மானிச்சிட்டுது. அகலமாக்கச் சொல்லிக் கேட்டதே ஒழுங்கைச் சனம்தான். வீட்டுக்கார றீற்றா அன்ரிதான் முதல் கையெழுத்து வைச்சவா. றோட்டு எதுவரை வருமெண்டு சுவர்களில் சிவப்புக் கோடு போடுறது என்ர வேலை.

திங்கட்கிழமை அளந்து பார்த்தால், கோடு அன்ரியின்ர முன் அறைக்குள்ளால் போகுது. அது என்ர அறை. சிரிக்காதேங்கோ அப்பா, என்ர கட்டில் பாதி வீட்டில், பாதி றோட்டில்.

பெயின்ற் பிரஷைத் தூக்கிறதும் வைக்கிறதுமா நிண்டன். அன்ரி குசினிக்குள்ளிருந்து கதிரையைக் கொண்டுவந்து போட்டு, நான் ஏற, ஆடாமல் பிடிச்சுக்கொண்டா. "அம்புலன்ஸ் உள்ள வர ஏலாமல், என்ர மனுசனை இந்தக் கதிரையில் வைச்சுத்தான் சந்தி வரைக்கும் தூக்கினவை. போய்ச் சேர முதலே எல்லாம் முடிஞ்சுது. நீ வடிவா அடி பிள்ளை" எண்டா.

அடிச்சு முடிச்சு இறங்கினன். கோட்டை அவ பார்க்கவேயில்லை. "அப்ப நீ எங்க பிள்ளை போய் இருப்பாய்?" எண்டு கேட்டா.

வேற அறை பார்த்திட்டன் எண்டு சொன்னனான். இன்னும் பார்க்கேல்லை.

என்ர பழைய போர்வையை அனுப்பிவிடுங்கோ. கருவாடு அன்ரிக்கும் சேர்த்து ரெண்டு பேருக்குக் காணக்கூடியதா வையுங்கோ. தபால் கந்தோர் மூடப்போகுது. விலாசம் பழசுதான், வீடு இன்னும் நிக்குது.

உங்கட மகள்,
மெரிஷா