கட்டங்களில் கற்ற இங்கிலீஷ்

இன்று காலை கூட்டுறவுக் கடையில் சீனி சுற்றித் தந்த காகிதத்தைப் பிரித்தபோது அதில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள் இருந்தன. யாரோ பென்சிலால் பாதிவரை நிரப்பிவிட்டுக் கைவிட்டிருந்தார்கள். சீனியை டப்பாவில் கொட்டிவிட்டுக் காகிதத்தை உதறி, அடுப்படிப் படியில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினேன். கேத்தலில் தண்ணீர் வற்றிய பிறகுதான் எழுந்தேன். பேக்கரி வரிசைக்குப் பிந்திப் போனதால் இன்றைக்குப் பாணும் கிடைக்கவில்லை. இதை உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

நீங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்த காலத்தில், துரை வாசித்து முடித்த இங்கிலீஷ் பேப்பர் மறுநாள் உங்கள் கைக்கு வரும். செய்திகளை நீங்கள் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. குவாட்டர்ஸுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, குறுக்கெழுத்துக் கட்டம் மேலே தெரியும்படி பேப்பரை மடித்து, அடுப்படி வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொள்வீர்கள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். பிள்ளையில்லாத வீட்டில் அந்த நேரத்தில்தான் பேச்சுச் சத்தம் கேட்கும்.

"செசிலி, மூணு எழுத்து. பறக்காத பெரிய பறவை. சொல்லு பாப்போம்."

"எனக்கு என்னாங்க தெரியும்? கோழியா?"

"கோழி கூரை வரைக்காவது பறக்கும். இது ஈமு. ஆஸ்திரேலியாவுல இருக்கு."

கன்னியர் பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை போயிருந்ததால் இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசிக்க எனக்கு வரும். அர்த்தம்தான் தெரியாது. அதை நீங்கள் சொல்லுவீர்கள். ஓட் என்றால் ஒன்றைப் புகழ்ந்து பாடுவது. ஓர் என்றால் துடுப்பு. ஐல் என்றால் தீவு. "கட்டம் போடுறவனுக்கு உயிரெழுத்து நெறைஞ்ச சின்னச் சொல்லுதான் தோது. அதான் இதுங்களே திரும்பத் திரும்ப வருது" என்பீர்கள். எனக்குச் சில நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். கொழுந்து மலையைத் தாண்டி எங்கும் போகாத எனக்குத் துடுப்பு எதற்கு என்று கேட்டிருக்கிறேன். நீங்கள் சிரித்துக்கொண்டே பென்சிலைக் காதில் செருகிக்கொள்வீர்கள்.

மியூட் என்ற சொல்லும் அப்படித்தான் எனக்குக் கிடைத்தது. பேச்சில்லாதவன், நாலெழுத்து.

மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் நீங்கள் ஆபீஸ் மேசையிலேயே சாய்ந்துவிட்டீர்கள். தோட்டத்து லொறியில் மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். மூன்றாம் நாள் டாக்டர் உங்கள் கட்டிலருகே நின்று நேர்ஸிடம் இங்கிலீஷில் ஏதோ நீளமாகச் சொன்னார். ஆற்று வெள்ளம்போல் ஓடிய அந்தப் பேச்சில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நடுவில் அந்த நாலெழுத்து மட்டும் வந்து விழுந்தது. டாக்டர் போன பிறகு நேர்ஸ் என் தோளைத் தொட்டு, "பயப்படாதீங்கம்மா, பேச்சு வரும்" என்றாள். நான் தலையாட்டினேன். பிறகு குழாயடிக்குப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

பேச்சும் வரவில்லை, வலது கையும் காலும் வரவில்லை. குவாட்டர்ஸை இன்னொரு கிளாக்கருக்குக் கொடுக்க வேண்டியிருந்ததால், டவுனில் அண்ணனுடைய சில்லறைக் கடைக்குப் பின்னாலிருந்த அறைக்கு உங்களைக் கொண்டுவந்தேன். வஹகோட்டைக்கு பஸ் ஏறிப் போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றினேன். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் ஆயிற்றே, இவருடைய குரலையும் தேடித் தாருமையா என்று முழந்தாளிட்டுக் கேட்டேன்.

திரும்பி வந்ததும் சவர்க்காரப் பெட்டி அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் இங்கிலீஷ் எழுத்தை எழுதி உங்கள் மடியில் பரப்பினேன். நீங்கள் இடது கையால் ஒவ்வொன்றாக நகர்த்தி வரிசையாக வைத்தீர்கள். வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். வாசித்தேன். எதுவும் சேரவில்லை. எழுத்துகளைக் கலைத்துப் போட்டு இன்னொரு சொல் செய்வதற்கு அனகிராம் என்று பெயர், கலைந்து கிடப்பதற்குள் சொல் இருக்கத்தான் செய்யும் என்று நீங்கள்தானே சொல்லியிருந்தீர்கள்? அந்த எழுத்துகளை மனதில் வைத்துக்கொண்டு, சோறு வடிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் மாற்றி மாற்றி அடுக்கினேன். கடைசியில், பக்கத்துத் தெருவில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். அவர் நல்ல மனிதர். வெகுநேரம் முயன்றுவிட்டு, "இதுல சொல்லே இல்லீங்கம்மா. அவருக்கு எழுத்தும் கலங்கிப் போச்சு போலருக்கு" என்றார்.

நான் திரும்பி வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு அட்டைகளை ஒன்றுவிடாமல் இடது கையால் கூட்டிப் பக்கத்திலிருந்த டின்னில் போட்டு மூடினீர்கள். மறுபடி அதைத் திறக்க என்னை விடவே இல்லை.

அதன் பிறகுதான் வீட்டில் எல்லோரும் உங்கள் எதிரிலேயே உங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மதினி கட்டிலைத் தாண்டிப் போவாள். உங்கள் பக்கம் திரும்ப மாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த அண்ணன் உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"எத்தனை நாளைக்குத்தான் நீயும் இப்பிடிக் கெடந்து அல்லாடுவ? ஆண்டவர் எடுத்துக்கிட்டா அவருக்கும் நல்லது, ஒனக்கும் நல்லது."

கடையில் சாமான் சுற்றுவதற்காக வைத்திருந்த பழைய பேப்பர் ஒன்று பக்கத்தில் கிடந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அதை எடுத்தேன். கட்டம் இருந்தது. வீம்புக்கு உரக்க எழுத்துக்கூட்டி, எனக்குத் தெரிந்த மட்டும் தமிழில் சொன்னேன்: "ஆறு எழுத்து. சொன்னதையே சொல்லிக் கத்துற பறவை." நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். விடை பரட் என்று எனக்குத் தெரியும். இருந்த ஆத்திரத்தில், "வேற யாரு, ஒங்க அக்காதான்" என்றேன்.

உங்கள் வாயின் இடது பக்கம் மேலே போனது. தோள் குலுங்கியது. தொண்டையிலிருந்து நாங்கள் யாரும் கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தீர்கள்.

அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "செசிலி, மச்சானுக்கு வெளங்குதா?"

"எல்லாம் வெளங்குது. இப்ப நீங்க சொன்னீங்களே, அதுவும் வெளங்கிச்சு."

அவர் கடைப்பக்கம் போனார். மறுநாள் காலை அறை வாசலில் வந்து நின்றார். உங்களைப் பார்த்து, "மச்சான், கடைக்குப் போயிட்டு வாறேன்" என்றார். நீங்கள் போன நாள்வரை தினமும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அதற்கப்புறம் நமக்கு அதுவே வேலையாயிற்று. நான் வாசிப்பேன், தப்பான விடை சொல்வேன், நீங்கள் சிரிப்பீர்கள். உங்களைச் சிரிக்க வைக்கிற மாதிரித் தப்பாகச் சொல்ல வேண்டுமென்றால் சரியானது தெரிந்திருக்க வேண்டும். பழைய அகராதி ஒன்றை மாஸ்டரிடம் இரவல் வாங்கி, நீங்கள் தூங்கும் நேரத்தில் பார்த்து வைத்துக்கொள்வேன். நீங்கள் ஆரோக்கியமாக இருந்த காலத்தில்கூட நாம் இவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. இருந்தாலும் உங்களுக்குச் சொல்ல வேண்டியது என்னென்ன இருந்ததோ, அதில் ஒன்றுகூட எனக்கு வந்து சேரவில்லை. சிரிப்பு மட்டும் வந்தது.

ஒருநாள் காலை, நல்ல விடையொன்றை யோசித்து வைத்திருந்து சொன்னேன். காத்திருந்தேன். நீங்கள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன். பிறகு சரியான விடையையும் சொன்னேன். நீங்கள் திரும்பவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வாரமே போய்விட்டீர்கள்.

அரசாங்கக் கச்சேரியிலோ ஆஸ்பத்திரியிலோ யாராவது இங்கிலீஷில் பேசினால் எனக்கு இன்றும் ஒன்றும் பிடிபடுவதில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்று ஒரு வசனம் கேட்கத் தெரியாது. ஆனால் சுவரில் படரும் கொடி ஐவி என்று தெரியும். வாலில்லாத குரங்கு ஏப் என்று தெரியும். சாம்பல் வைக்கும் சாடிக்கு என்ன பெயர் என்றும் தெரியும். இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இவற்றைக் கோத்து உலகத்தில் யாரோடும் பேச முடியாது. உங்களோடு பேசினேன்.