மழைக்குப் பிடிக்கும் டயர்

ஜூலை 6, ஞாயிறு

ஹைபிரிட் காருக்கு டயர் மாற்ற செம்பூர் போனோம்.

"மைலேஜ் வேணும்னா இது சார். மழையில பிரேக் நல்லா பிடிக்கணும்னா அது," என்றார் கடைக்காரர்.

நான் மைலேஜ் டயரைக் காட்டினேன்.

"வேண்டாம்," என்றாள் என் மனைவி கமலா. "போன வாரம் சயான்ல வண்டி வழுக்கி, ஒரு ஸ்கூல் பொண்ணு மேல மோத இருந்தது. மழைக்கானதே போடுங்கோ."

பழியை டயர் மேல் போட்டு என்னைக் காப்பாற்றினாள். உண்மையில் அந்தப் பெண்ணை நான் பார்க்கவே இல்லை. கமலா அலறிய பிறகுதான் பிரேக்கை மிதித்தேன்.

புது டயர் போட்டதும் சாவியை அவளிடம் நீட்டினேன்.

"நீயே ஓட்டு. நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போறேன்."

வாங்கிக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். மாட்டுங்கா வரும்வரை நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். பாதிதான் தெரிந்தது.