அந்த வட்டக் கரையில் கை வைக்காதே

மார்க்கையன்கோட்டை,
சனிக்கிழமை.

அன்பு மகன் கார்த்திக்ராஜுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உன் அக்கா அனுசுயாவும் சுகம், அயர்லாந்துக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வீரபாண்டி கௌமாரி துணையிருக்கட்டும். வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவு முடிந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான், ஆனால் நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் பேச ஆரம்பித்தாலே போனை வைத்துவிடுகிறாய், அதனால்தான் தாளில் எழுதி, அக்காவை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

மேய்ச்சல் நிலத்தின் நடுவே இருக்கிற வட்ட மண்கரையைத் திங்கட்கிழமை மெஷினால் தள்ளிச் சமமாக்கச் சொல்கிறார் உன் பண்ணை முதலாளி என்றாய். வெறும் மண்மேடுதானே என்றும் சொன்னாய். அதற்கு ரிங்போர்ட் என்று பெயராம், ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு சம்சாரி தன் வீட்டையும் மாடுகன்றையும் காப்பாற்றச் சுற்றிப் போட்ட கரையாம், அரசாங்கப் பாதுகாப்பில் இருக்கிறதாம், இடித்தால் ஜெயில் வரைக்கும் போகுமாம், அனுசுயா படித்துச் சொன்னாள். கண்ணுக்குத் தெரியாதவர்கள் அங்கே குடியிருப்பதாகப் பயந்து, ஊர்க்காரர்கள் கரைமேல் நிற்கிற முள்மரத்தில் ஒரு கிளைகூட ஒடிக்கமாட்டார்கள் என்று நீதான் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷின் ஓட்ட உள்ளூரில் ஆள் இல்லாமலா உன்னிடம் சொல்கிறார்? அவர்கள் ஒருத்தரும் ஏறமாட்டார்கள், அதனால்தான் உன்னைக் கூப்பிடுகிறார்.

உன் கூட்டாளி விஜய்பாண்டியையும் இப்படித்தான் வெளியூருக்குக் கூட்டிப்போய், மலையடிவாரத்தில் அந்தக் காலத்து ஆட்களைப் புதைத்த பழைய கல்வட்டத்தை ஜேசிபியால் தள்ள வைத்தார்கள். இப்போது கேஸ் என்று உத்தமபாளையம் கோர்ட்டுக்கு அலைகிறான். நேற்று டீக்கடையில் பார்த்தேன், "சொன்னவுக வீட்ல இருக்காக மாமா, ஓட்டுன நான்தேன் மாட்டிக்கிட்டேன்" என்றான். அவனுக்கு ஜாமீன் போட இங்கே நாங்கள் இருந்தோம். அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது, மறைக்காமலே எழுதுகிறேன்.

முடியாது என்று சொல்லிவிடு. கேட்டால் "பார்ப்போம்ப்பா" என்கிறாய். நம் வீட்டில் பார்ப்போம் என்றவர்கள் யாரும் பிறகு மறுத்ததில்லை, உன் அம்மாவையும் சேர்த்துத்தான். வேலை போனால் போகட்டும், ஊருக்கு வா, ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

குளிரில் காதை மூடிக்கொள், ஒருவேளையாவது சோறு பொங்கிச் சாப்பிடு. நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருப்பாய். இதை நீ படித்தால் நீல டிக் விழும் என்கிறாள் அனுசுயா, எனக்கு அது போதாது. செவ்வாய்க்கிழமை காலையில் அந்த இடத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. உன் முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கரை தெரியவேண்டும்.

உன் அப்பா,
அம்மாவாசி